மோட்டார் பந்தயத்தின் மிக ஆபத்தான காலங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்கான பயிற்சியின்போது அஜித் குமாரின் கார் தடுப்பில் மோதிச் சுழன்று நின்றது. கார் நொறுங்கியது, அவர் இறங்கி நடந்து வந்தார். அந்த வீடியோவுக்குப் பிறகு, பந்தயம் பக்கமே வராத நண்பர்கள்கூட என்னிடம் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். இதில் எப்படித் தப்பிக்க முடிகிறது? முன்பெல்லாம் வருடத்துக்கு இத்தனை பேர் செத்தார்கள் என்கிறார்களே, உண்மையா? குரூப் பி என்றால் என்ன? திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைச் சேர்த்து, தெரிந்தவரை விளக்கமாக எழுதியிருக்கிறேன்.

மிக ஆபத்தான காலம் என்று எதைச் சொல்லலாம்?

ஆபத்து வேறு, உச்சம் வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

ஓட்டுநர்கள் அடுத்தடுத்து இறந்துகொண்டே இருந்த காலம் என்றால், 1950களின் நடுவிலிருந்து 1970களின் நடுவரை. அதிலும் 1967 முதல் 1973 வரையிலான ஃபார்முலா ஒன் மிக மோசம். கார்களின் வேகம் ஒவ்வொரு வருடமும் கூடியது. ஆனால் தடத்தின் ஓரத்தில் இருந்த மரமும் தந்திக் கம்பமும் பள்ளமும் அப்படியே இருந்தன.

கார்களே கட்டுக்கடங்காமல் போன காலம் என்றால், 1982 முதல் 1986 வரை நடந்த குரூப் பி ராலி. ஐந்தே வருடம்தான். அதைப் போல முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

அதற்கு முன் பந்தயம் பாதுகாப்பாக இருந்ததா?

இல்லை. 1903 மே மாதம் பாரிஸிலிருந்து மாட்ரிட்டுக்கு ஒரு பந்தயம் கிளம்பியது. சாதாரண மண் சாலை, கண்ணை மறைக்கும் புழுதி, சாலையின் இரு பக்கமும் நெருக்கியடித்த கூட்டம். முதல் நாளிலேயே ஓட்டுநர்களும் வேடிக்கை பார்த்தவர்களும் இறந்தார்கள். ரெனோ நிறுவனத்தைத் தொடங்கிய சகோதரர்களில் ஒருவரான மார்செல் ரெனோவும் அதில் பலியானார். பிரெஞ்சு அரசு பந்தயத்தைப் போர்டோ நகரத்திலேயே நிறுத்திவிட்டது. மாட்ரிட்டுக்கு யாரும் போய்ச் சேரவில்லை.

1955இல் பிரான்ஸின் லு மான் பந்தய விபத்தில் என்னதான் நடந்தது?

மோட்டார் பந்தய வரலாற்றில் இதைவிடப் பெரிய விபத்து கிடையாது. 1955 ஜூன் 11. மாலை 4 மணிக்குத் தொடங்கிய 24 மணி நேரப் பந்தயத்தில் இரண்டரை மணி நேரம்கூட முடியவில்லை. முன்னணியில் இருந்த மைக் ஹாதார்ன் எரிபொருள் நிரப்ப, தடத்தின் ஓரத்தில் இருக்கும் பிட் என்ற பணியிடத்துக்குள் திரும்புவதற்காகத் தன் ஜாகுவாரைப் பிரேக் போட்டு நிறுத்தப் போனார். ஜாகுவாரில் இருந்தவை டிஸ்க் பிரேக்குகள், வேகம் சட்டென்று இறங்கியது. பின்னால் ஆஸ்டின் ஹீலியில் வந்த லான்ஸ் மேக்லின் இடிக்காமல் இருக்க இடப்பக்கம் ஒதுங்கினார். அந்த இடத்துக்கு அதைவிட அதிக வேகத்தில் பியர் லெவெக்கின் மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் வந்துகொண்டிருந்தது. அது ஹீலியின் சரிந்த பின்பக்கத்தில் ஏறி, பலகையில் ஏறிய மாதிரி மேலே பறந்து, மண் மேட்டில் மோதிச் சிதறியது. என்ஜினும் முன் அச்சும் பிய்ந்து, நின்றிருந்த கூட்டத்துக்குள் பாய்ந்தன.

லெவெக்கோடு சேர்த்து 80க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காரின் உடல் மக்னீசியம் கலந்த உலோகம். தீயணைப்பவர்கள் தண்ணீர் ஊற்ற, மக்னீசியம் இன்னும் பிரகாசமாக எரிந்தது.

இங்கே யார் மேல் தப்பு என்று 70 வருடமாகச் சண்டை போடுகிறார்கள். ஹாதார்ன் சட்டென்று பிரேக் போட்டார் என்கிறார்கள், மேக்லின் கண்ணாடியைப் பார்க்கவில்லை என்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்த இடத்தைப் பாருங்கள் என்பேன். தடத்துக்கும் பிட்டுக்கும் நடுவில் சுவர் இல்லை, பிட்டுக்குத் திரும்புகிறவர்களுக்குத் தனிப் பாதை இல்லை, அகலமும் போதாது. அதே நேர்ப்பாதையில் 200 கிலோமீட்டருக்கு மேல் வேகமாகப் போகும் காரும், நிற்கப் போகும் காரும், அவற்றுக்குச் சில அடி தள்ளி குடும்பத்தோடு வந்த ஜனங்களும் இருந்தார்கள். மூன்று ஓட்டுநர்களில் யார் சிறு தவறு செய்திருந்தாலும் முடிவு இப்படித்தான் இருந்திருக்கும்.

அதற்குப் பிறகும் பந்தயத்தை நடத்தினார்களாமே?

நடத்தினார்கள். மறுநாள் மாலை 4 மணிவரை. நிறுத்தினால் லட்சக்கணக்கான ஜனம் ஒரே நேரத்தில் கிளம்பிச் சாலையை அடைத்துவிடும், ஆம்புலன்ஸ் போக முடியாது என்பது அமைப்பாளர்கள் சொன்ன காரணம். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் இரவு விடிந்து, காயம்பட்டவர்களை மருத்துவமனைக்குக் கொண்டுபோன பிறகும் ஏன் ஓட்டினார்கள் என்பதற்கு அந்தக் காரணம் பொருந்தாது.

மெர்சிடிஸ் அணி முன்னணியில் இருந்தபோதே நள்ளிரவு தாண்டித் தன் கார்களை விலக்கிக்கொண்டது. ஜாகுவார் தொடர்ந்து ஓடி வென்றது. அந்த வருடக் கடைசியில் மெர்சிடிஸ் பந்தயத்தையே விட்டு விலகியது. சுவிட்சர்லாந்து தன் மண்ணில் தடப் பந்தயங்களைத் தடை செய்தது. அந்தத் தடையை முழுமையாக நீக்க அந்த நாட்டு நாடாளுமன்றம் முடிவெடுத்தது 2022இல்தான்.

இன்னொரு விஷயம். அந்த மெர்சிடிஸை லெவெக்கோடு மாறி மாறி ஓட்ட வேண்டியவர் ஜான் ஃபிட்ச் என்ற அமெரிக்கர். விபத்து நடந்தபோது அவர் தன் முறைக்காகக் காத்திருந்தார். பிற்காலத்தில் மணல் நிரப்பிய மஞ்சள் பிளாஸ்டிக் பீப்பாய்களை வரிசையாக வைத்து, மோதும் காரை மெல்ல மெல்ல நிறுத்தும் ஒரு தடுப்பை அவர் கண்டுபிடித்தார். அமெரிக்க நெடுஞ்சாலைகளில் பிரியும் இடங்களிலும் பாலத் தூண்களுக்கு முன்னாலும் இன்றும் அதைப் பார்க்கலாம். அமெரிக்காவில் இருக்கும் தமிழர்கள் தினமும் அதைக் கடந்துதான் வேலைக்குப் போகிறார்கள்.

மில்லே மில்யா ஏன் நின்றது?

இத்தாலியில் பிரெஷாவிலிருந்து ரோம் வரை போய்த் திரும்பும் 1,600 கிலோமீட்டர் சாலைப் பந்தயம் அது. ஊர்த் தெரு, மலைப்பாதை, பாலம் எல்லாம் உண்டு. 1955இல் ஸ்டிர்லிங் மாஸ் 10 மணி நேரம் 7 நிமிடத்தில் முடித்தார். பக்கத்தில் உட்கார்ந்த டெனிஸ் ஜென்கின்சன் என்ற பத்திரிகையாளர், ஒவ்வொரு வளைவையும் முன்கூட்டியே எழுதி வைத்த நீளமான காகிதச் சுருளை உருட்டிக்கொண்டே கையால் சைகை காட்டினார். சராசரி வேகம் மணிக்கு சுமார் 157 கிலோமீட்டர். ஆடு மாடு போகும் சாலையில்!

இரண்டு வருடம் கழித்து, 1957இல், கோல் நெருங்கிய நேரத்தில் குயிதிட்ஸோலோ கிராமத்தருகே அல்ஃபோன்ஸோ தெ போர்த்தாகோவின் ஃபெராரி டயர் வெடித்தது. அவரும் துணை ஓட்டுநரும் பார்வையாளர்கள் 9 பேரும் இறந்தார்கள். அந்த 9 பேரில் ஐந்து பேர் குழந்தைகள். என்ஸோ ஃபெராரி மேல் வழக்குப் போட்டார்கள், 1961இல்தான் விடுதலை ஆனார். சாலையில் வேகப் பந்தயமாக மில்லே மில்யா அதோடு முடிந்தது.

அந்தக் காலத்தில் சீட் பெல்ட்கூட இல்லையா?

பெரும்பாலும் இல்லை. தீப்பிடித்தால் மாட்டிக்கொள்வோம், அதைவிடத் தூக்கியெறியப்படுவது மேல் என்று நம்பினார்கள். கேட்க முட்டாள்தனமாகத் தெரியும். ஆனால் பெட்ரோல் டேங்க் வெறும் அலுமினியத் தகடாக இருந்த காரில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள், அந்தப் பயம் புரியும். 1970களில் விமானத் துறையிலிருந்து கிழியாத ரப்பர் பை டேங்க் வந்த பிறகுதான் பெல்ட் மேல் முழு நம்பிக்கை வந்தது.

லு மானில் இன்னொரு கூத்தும் இருந்தது. ஓட்டுநர்கள் தடத்தின் எதிர்ப்பக்கம் நின்று, கொடி அசைந்ததும் ஓடிப்போய்க் காரில் ஏறிக் கிளம்ப வேண்டும். அவசரத்தில் யாரும் பெல்ட்டைச் சரியாகப் போடுவதில்லை. 1969இல் ஜாக்கி இக்ஸ் மட்டும் ஓடவில்லை. எல்லோரும் பாய்ந்து ஓட, அவர் நிதானமாக நடந்துபோய், உட்கார்ந்து, பெல்ட்டை இறுக்கிப் பூட்டி, கடைசி ஆளாகக் கிளம்பினார். முதல் சுற்றிலேயே ஜான் வுல்ஃப் என்பவர் தன் போர்ஷே 917இல் மோதி இறந்துபோனார். 24 மணி நேரம் கழித்து, நடந்துபோன இக்ஸ்தான் சுமார் நூறு மீட்டர் வித்தியாசத்தில் ஜெயித்தார். அடுத்த வருடத்திலிருந்து அந்த ஓட்டம் கிடையாது. இந்த விளையாட்டில் எனக்கு மிகப் பிடித்த எதிர்ப்பு அது.

ஜாக்கி ஸ்டூவர்ட்டை எல்லோரும் ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்? மூன்று முறை சாம்பியன் ஆனதற்காகவா?

அதற்காக மட்டும் இல்லை. 1966 பெல்ஜியம் கிராண்ட் பிரீ, ஸ்பா. அன்றைய ஸ்பா தடம் 14 கிலோமீட்டர் நீளம், முழுக்க முழுக்கப் பொதுச் சாலை. முதல் சுற்றிலேயே மழை. ஸ்டூவர்ட்டின் பி.ஆர்.எம். கார் வழுக்கி, கம்பத்தில் இடித்து, ஒரு பண்ணை வீட்டருகே போய் நசுங்கியது. கால் மாட்டிக்கொண்டது. டேங்க் உடைந்து பெட்ரோல் அவர் மடியில் ஊற்றிக்கொண்டே இருந்தது. ஒரு பொறி போதும்.

அங்கே மார்ஷல் என்ற தடப் பணியாளர் இல்லை, கருவி இல்லை. அதே இடத்தில் வழுக்கி வெளியே வந்த கிரஹாம் ஹில்லும் பாப் பாண்டுரண்ட்டும் வேடிக்கை பார்த்த ஒருவரின் காரிலிருந்து ஸ்பேனர் வாங்கி ஸ்டியரிங்கைக் கழற்றி அவரை எடுத்தார்கள். சுமார் 25 நிமிடம் ஆனது. பிறகு மருத்துவ அறை என்ற பெயரில், சிகரெட் துண்டுகள் கிடந்த தரையில் ஸ்ட்ரெச்சரோடு போட்டிருந்தார்கள். மருத்துவமனைக்குப் போகும் ஆம்புலன்ஸ் வழி தவறிவிட்டது.

அடுத்த பந்தயத்திலிருந்து ஸ்டூவர்ட் தன் காருக்குள் ஒரு ஸ்பேனரை டேப் போட்டு ஒட்டிவைத்தார். சொந்தமாக மருத்துவரையும் அழைத்துப் போனார். அப்புறம் தடத்தின் உரிமையாளர்களோடு சண்டை தொடங்கியது. தடுப்பு வேலி வேண்டும், மரங்களை மறைக்க வேண்டும், பயிற்சி பெற்ற மருத்துவர் வேண்டும். 1969இல் ஓட்டுநர்கள் மறுத்ததால் ஸ்பாவில் பந்தயம் நடக்கவில்லை. 1970இல் ஜெர்மனியின் நூர்புர்கிரிங் தடத்தை விட்டு ஹாக்கன்ஹைம் தடத்துக்குப் போனார்கள். பத்திரிகையாளர்கள் சிலர் அவரைக் கோழை என்றார்கள், பந்தயத்தின் அழகைக் கெடுக்கிறார் என்றார்கள். இதை எழுதும்போது இன்றும் கோபம் வருகிறது. நூர்புர்கிரிங்கில் மழையிலும் மூடுபனியிலும் 1968இல் நான்கு நிமிட வித்தியாசத்தில் ஜெயித்த மனிதரைப் பார்த்துக் கோழை என்று எப்படிச் சொன்னார்கள்?

ஒரே வருடத்தில் அத்தனை பேர் இறந்தது எப்போது?

1968ஐத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஏப்ரல் 7 ஹாக்கன்ஹைமில் ஜிம் கிளார்க். மே 7 இண்டியானாபோலிஸில் மைக் ஸ்பென்ஸ். ஜூன் 8 மலையேற்றப் பந்தயம் ஒன்றில் லுடோவிகோ ஸ்கார்ஃபியோட்டி. ஜூலை 7 ரூவனில் ஜோ ஷ்லெஸ்ஸர். நான்கு மாதம், நான்கு பேர்.

கிளார்க்கின் மரணம் மற்ற ஓட்டுநர்களின் நம்பிக்கையையே உடைத்தது. அவர் தவறே செய்யாதவர் என்று பெயரெடுத்தவர். நேரான பகுதியில் காரில் ஏதோ பழுதாகி மரங்களுக்குள் போய்விட்டது. நடுவில் தடுப்பு எதுவும் இல்லை. திறமை இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று தங்களைத் தேற்றிக்கொண்டிருந்தவர்களுக்கு அதற்குப் பிறகு பிடிமானம் இல்லை. ஷ்லெஸ்ஸர் ஓட்டியது மக்னீசியத்தில் செய்த ஹோண்டா. அந்தக் கார் இன்னும் தயாராகவில்லை என்று ஜான் சர்ட்டீஸ் ஓட்ட மறுத்திருந்தார்.

1970உம் அதே கதை. ஜூனில் புரூஸ் மெக்லாரனும் பியர்ஸ் கரேஜும். செப்டம்பர் 5 மோன்ஸாவில் யோகன் ரிண்ட். அதற்குள் அவர் சேர்த்திருந்த 45 புள்ளிகளை மீதிப் பந்தயங்களில் யாராலும் தாண்ட முடியவில்லை. இறந்த பிறகு உலகச் சாம்பியன் ஆன ஒரே ஃபார்முலா ஒன் ஓட்டுநர் அவர். கோப்பையை அவருடைய மனைவி நீனா வாங்கிக்கொண்டார்.

1973 சாண்ட்வோர்ட் வீடியோவைப் பார்த்தேன். ஏன் யாருமே உதவவில்லை?

ஒருவர் உதவினார். அவரைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

1973 ஜூலை 29, நெதர்லாந்து கிராண்ட் பிரீ. ராஜர் வில்லியம்சனுக்கு அது இரண்டாவது ஃபார்முலா ஒன் பந்தயம். எட்டாவது சுற்றில் அவருடைய மார்ச் நிறுவனக் கார் தடுப்பில் மோதித் தலைகீழாகக் கவிழ்ந்து தீப்பிடித்தது. உள்ளே அவர் உயிரோடுதான் இருந்தார். பின்னால் வந்த டேவிட் பர்லி தன் காரை ஓரமாக நிறுத்திவிட்டு, தடத்தின் குறுக்கே ஓடி, தனியாளாக அந்தக் காரைத் தோள்கொடுத்துப் புரட்டப் பார்த்தார். முடியவில்லை. மார்ஷல்களைக் கூப்பிட்டார். அவர்களிடம் தீப்பாதுகாப்பு உடை இல்லை, சாதாரணச் சட்டையோடு நெருங்க முடியவில்லை. பர்லி ஒரு மார்ஷலிடமிருந்து தீயணைப்பு உருளையைப் பிடுங்கி அடித்தார். அது தீர்ந்துபோனது. கடந்து போன மற்ற கார்களை நிற்கச் சொல்லிக் கையசைத்தார். யாரும் நிற்கவில்லை. எரியும் காரிலிருந்து இறங்கியவர் பர்லிதான், உள்ளே யாரும் இல்லை என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். தீயணைப்பு வண்டி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பந்தயம் நிற்கவில்லை.

இதே தடத்தில் மூன்று வருடம் முன்புதான் பியர்ஸ் கரேஜ் தீயில் இறந்திருந்தார். மூன்று வருடத்தில் ஒரு தீப்பாதுகாப்பு உடைகூட வாங்கிக் கொடுக்கவில்லை. வேகம் கொல்கிறது என்று பொத்தாம் பொதுவாகச் சொல்பவர்களுக்கு நான் எப்போதும் இந்த நாளைத்தான் காட்டுவேன். வில்லியம்சனுக்கு வேகத்தால் பெரிய காயம் எதுவும் இல்லை. இரண்டு பேருக்குத் தீப்பாதுகாப்பு உடை இருந்திருந்தால் அவர் வீட்டுக்குப் போயிருப்பார்.

பர்லிக்குப் பிரிட்டன் ஜார்ஜ் பதக்கம் கொடுத்தது. அந்தப் படங்களில் கடைசியில் அவர் தலையைத் தொங்கப்போட்டு நடந்து போவார். நான் இரண்டாவது முறை பார்த்ததில்லை.

நிக்கி லௌடா விபத்து?

பலருக்கும் தெரிந்த கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். 1976 ஆகஸ்ட் 1, நூர்புர்கிரிங். 22.8 கிலோமீட்டர் தடம், அதை முழுக்கப் பாதுகாக்கும் அளவு ஆட்களும் வண்டிகளும் இல்லை. இதை அந்த வாரமே லௌடா எடுத்துச் சொல்லி, போட்டியே வேண்டாம் என்றார், வாக்கெடுப்பில் தோற்றார். அந்தப் பந்தயத்திலேயே மோதி எரிந்த காரிலிருந்து அவரை எடுத்தவர்கள் சக ஓட்டுநர்கள்: ஆர்டூரோ மெர்ஸாரியோ, கை எட்வர்ட்ஸ், பிரெட் லங்கர், ஹரால்ட் எர்ட்டில். ஆறு வாரத்தில், தலையில் கட்டோடு மோன்ஸாவில் ஓட்டி நான்காவதாக வந்தார். அந்தப் பழைய நூர்புர்கிரிங்கில் பிறகு ஃபார்முலா ஒன் நடக்கவில்லை.

சரி, குரூப் பி என்றால் என்ன?

ராலி என்பது மூடப்பட்ட பொதுச் சாலையில், காட்டிலும் மலையிலும், ஒவ்வொரு காராக நேரம் பார்த்து ஓடுவது. 1982இல் வந்த குரூப் பி விதிப்படி ஒரு நிறுவனம் 200 கார்கள் செய்தால் போதும், அது போட்டிக் கார். அதற்கு மேல் 20 மேம்படுத்திய கார்கள் செய்துகொள்ளலாம். என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் டர்போவின் அழுத்தத்துக்கு வரம்பே இல்லை. என்ஜின் அளவுக்கேற்ற குறைந்தபட்ச எடை மட்டும்தான் கட்டுப்பாடு. பொறியாளர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது மாதிரி.

ஆரம்பத்தில் சுமார் 350 குதிரைத்திறன். நான்கு சக்கரமும் இழுக்கும் கார் ராலிக்கு ஒத்துவரும் என்று ஔடி குவாட்ரோ நிரூபித்தது. அந்தக் காரில் மிஷேல் மூட்டோன் என்ற பெண் ஓட்டுநர் 1982இல் மூன்று ராலிகளை வென்று உலகச் சாம்பியன் போட்டியில் இரண்டாம் இடம் வந்தார். பிறகு பெஷோ 205 டி16 வந்து என்ஜினை ஓட்டுநருக்குப் பின்னால் கொண்டுபோனது. கடைசியில் லான்சியா டெல்டா எஸ்4. 1.8 லிட்டர்கூட இல்லாத என்ஜின், அதில் சூப்பர்சார்ஜர் ஒன்று, டர்போ ஒன்று. குறைந்த சுழற்சியில் முதலாவது காற்றை அழுத்தும், சுழற்சி ஏறியதும் இரண்டாவது எடுத்துக்கொள்ளும். வெறும் டர்போ காரில் ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு கணம் ஒன்றும் நடக்காது, பிறகு மொத்தமாக வந்து முதுகில் இடிக்கும். அந்த இடைவெளியை மூடத்தான் இந்த ஏற்பாடு. சுமார் 900 கிலோ எடையில் 480 குதிரைத்திறனுக்கு மேல்.

சாலை மட்டும் மாறவில்லை. ஒற்றையடி மாதிரி மலைப்பாதை, ஜல்லி, பனி, ஓரத்தில் ஜனம்.

டெல்டா எஸ்4 ஃபார்முலா ஒன் கார்களோடு போட்டி போடும் அளவுக்கு வேகமாமே?

போர்ச்சுகலின் எஸ்டோரில் தடத்தில் லான்சியா ஓட்டுநர் ஹென்றி டோய்வோனன் ஓட்டிய நேரம் ஃபார்முலா ஒன் வரிசையில் ஆறாம் இடம் கொடுத்திருக்கும் என்ற கதையைத்தான் சொல்கிறீர்கள். நம்ப வேண்டாம். அப்படி ஒரு நேரத்தை யாரும் ஆதாரத்தோடு காட்டியதில்லை. அன்றைய ஃபார்முலா ஒன் டர்போ கார்கள் தகுதிச் சுற்றில் ஆயிரம் குதிரைத்திறனைத் தொட்டவை, வரிகள் இல்லாத அகலமான டயரும் இறக்கையும் கொண்டவை. டெல்டாவின் பெருமைக்கு இந்தக் கட்டுக்கதை தேவையே இல்லை.

குரூப் பி எப்படி முடிந்தது?

முதல் எச்சரிக்கை 1985 மே 2. கோர்சிகா தீவில் அட்டிலியோ பெட்டேகா மரத்தில் மோதி இறந்தார். அந்த வருடமே அர்ஜென்டினாவில் ஆரி வாட்டனன் சாவைத் தொட்டுத் திரும்பினார். யாரும் நிறுத்தவில்லை.

1986 மார்ச் 5, போர்ச்சுகல். லிஸ்பனுக்குப் பக்கத்தில் சிந்த்ரா மலைப்பகுதி. பார்வையாளர்கள் சாலையின் நடுவிலேயே நிற்பார்கள், கார் வந்ததும் கடைசி நொடியில் விலகுவார்கள். கடந்து போகும் காரைக் கையால் தொடுவது ஒரு வீரம். ஓட்டுநருக்கு முன்னால் தெரிவது மனிதச் சுவர், கார் போகப் போக அது பிளக்கும் என்று நம்பி மிதிக்க வேண்டும். உள்ளூர் ஓட்டுநர் ஜோவாகிம் சாந்தோஸின் ஃபோர்டு ஆர்எஸ்200 ஒரு மேட்டைத் தாண்டியதும் கட்டுப்பாட்டை இழந்து கூட்டத்துக்குள் போனது. ஒரு தாயும் அவருடைய இரண்டு மகன்களும் இறந்தார்கள். 30 பேருக்கு மேல் காயம். நிறுவன அணிகளின் ஓட்டுநர்கள் அன்று எஸ்டோரிலில் ஒரு ஹோட்டலில் கூடி, இனி இந்த ராலியில் ஓட்ட மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டு விலகினார்கள். ராலி மட்டும் உள்ளூர்க்காரர்களோடு தொடர்ந்தது.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1986 மே 2, மறுபடி கோர்சிகா. பெட்டேகா இறந்து சரியாக ஒரு வருடம். டோய்வோனனும் துணை ஓட்டுநர் செர்ஜியோ கிரெஸ்டோவும் முன்னணியில் இருந்தார்கள். ஓர் இடப்பக்க வளைவில், தடுப்பு இல்லாத விளிம்பைத் தாண்டி டெல்டா எஸ்4 கீழே விழுந்தது. பெட்ரோல் டேங்குகள் இருக்கைகளுக்கு அடியில் இருந்தன. உடல் கெவ்லர் கலந்த பிளாஸ்டிக். மீட்பவர்கள் வந்தபோது கம்பிக் கூடு மட்டும் கறுப்பாக மிஞ்சியிருந்தது. விழுந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்த சாட்சி யாரும் இல்லாததால் காரணம் இன்றுவரை உறுதியாகவில்லை. டோய்வோனனுக்கு வயது 29.

சில மணி நேரத்தில், சர்வதேச மோட்டார் விளையாட்டு அமைப்பின் தலைவர் ஜான் மரி பாலெஸ்ட்ர் அடுத்த வருடத்திலிருந்து குரூப் பி கிடையாது என்று அறிவித்தார். பலர் இதைத் துணிச்சலான முடிவு என்பார்கள். ஒரு வருடத்துக்கு முன் பெட்டேகா இறந்தபோது டர்போ அழுத்தத்துக்கு ஒரு வரம்பு போட்டிருந்தாலே போதும் என்பது என் எண்ணம். கார்கள் மட்டும் பிழைத்துக்கொண்டன. ராலி கிராஸிலும் அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையேற்றத்திலும் பிறகும் ஓடின.

அதே 1980களில் ஃபார்முலா ஒன் எப்படி இருந்தது?

1982 தனியாக ஒரு கொடிய வருடம். காரின் அடிப்பகுதியையே தலைகீழ் இறக்கையாக்கி, ஓரத்தில் தரையைத் தொடும் பாவாடை மாதிரித் தகடு வைத்து, காற்றை உறிஞ்சித் தரையோடு ஒட்டவைத்தார்கள். தகடு ஓரிடத்தில் தூக்கிக்கொண்டால் ஒட்டும் சக்தி ஒரே நொடியில் போய்விடும். ஓட்டுநரின் கால் முன் அச்சுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது, மோதினால் முதலில் நொறுங்குவது கால்தான். மே 8 ஸோல்டரில் ஜில் வில்னவ், ஜூனில் மாண்ட்ரியாலில் ரிக்கார்டோ பாலெட்டி இறந்தார்கள். ஆகஸ்டில் டிடியே பிரோனியின் கால்கள் நொறுங்கின, அதற்குப் பிறகு அவர் ஃபார்முலா ஒன் ஓட்டவே இல்லை. 1983இல் தட்டையான அடிப்பகுதி கட்டாயமானது.

இன்று ஏன் தப்பிக்கிறார்கள்?

இன்றைய ஒவ்வொரு பாதுகாப்பு ஏற்பாட்டுக்குப் பின்னாலும் ஒரு பெயர் இருக்கிறது. 1978இல் மோன்ஸாவில் ரோனி பீட்டர்சன் தொடக்க விபத்தில் சிக்கியபோது மருத்துவ உதவி வர மிகத் தாமதமானது. மறுநாள் இறந்தார். அப்போது புதிதாகப் பொறுப்பேற்றிருந்த மருத்துவர் சிட் வாட்கின்ஸ், முதல் சுற்று முழுக்க ஒரு மருத்துவக் கார் பந்தயக் கார்களுக்குப் பின்னாலேயே போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து வாங்கினார்.

1981இல் மெக்லாரன் கார்பன் ஃபைபர் உடலைக் கொண்டுவந்தது. 1994 இமோலாவில் சனிக்கிழமை ரோலண்ட் ராட்சென்பெர்கரும் ஞாயிறு அயர்டன் சென்னாவும் இறந்தார்கள். அதன் பின் தடங்கள், காரின் பக்கச் சுவர்கள், தலைக்காப்பு எல்லாவற்றையும் ஆராய்ந்து மாற்றினார்கள். கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவி 2003இல் கட்டாயமானது. 2014இல் ஜப்பானில் ஜூல் பியாங்கி மீட்பு வண்டியில் மோதினார், அடுத்த வருடம் இறந்தார். தலைக்கு மேல் வளையம் மாதிரி இருக்கும் ஹேலோ 2018இல் வந்தது. அழகாக இல்லை என்று பலர் கத்தினார்கள்.

2020 நவம்பர் 29, பஹ்ரைன். ரோமன் குரோஷானின் கார் இரும்புத் தடுப்பைப் பிளந்து இரண்டாக உடைந்து தீப்பந்தாக வெடித்தது. ஹேலோ தடுப்பைத் தலையில் படாமல் ஒதுக்கியது. 28 நொடி தீக்குள் இருந்து தானாக ஏறி வந்தார். அவரைக் கைபிடித்து இழுத்த மருத்துவர், முதல் சுற்றில் பின்னாலேயே வந்த அந்த மருத்துவக் காரிலிருந்து இறங்கியவர். பீட்டர்சனுக்குக் கிடைக்காதது 42 வருடம் கழித்து இவருக்குக் கிடைத்தது.

இன்னும் அந்தப் பழைய ஆபத்தோடு நடக்கும் பந்தயம் உண்டா?

உண்டு. ஐல் ஆஃப் மேன் தீவில் நடக்கும் டிடி என்ற மோட்டார் சைக்கிள் பந்தயம். 60 கிலோமீட்டர் பொதுச் சாலை, வீட்டுச் சுவரும் கல்வேலியும்தான் ஓரம். அந்தத் தடத்தில் இதுவரை 260க்கும் மேற்பட்ட வீரர்கள் இறந்திருக்கிறார்கள். 2022இல் மட்டும் டிடி பந்தயத்தில் ஆறு பேர். 1972இல் நண்பர் ஜில்பெர்டோ பார்லோட்டி இறந்தபோது ஜாக்கோமோ அகோஸ்தீனி இனி இங்கே வர மாட்டேன் என்று போய்விட்டார். 1976க்குப் பிறகு உலகச் சாம்பியன் வரிசையில் அது இல்லை. விரும்பி வருபவர்களைத் தடுக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் பார்க்க மனம் வருவதில்லை.

நம் ஊரில்?

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், உலகப்போர்க் கால விமான ஓடுதளத்தில்தான் நம் பந்தயம் வளர்ந்தது. பிறகு இருங்காட்டுக்கோட்டைக்கு முறையான தடம் வந்தது. கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயனும் சென்னைக்காரர் கருண் சந்தோக்கும் ஃபார்முலா ஒன் வரை போனார்கள். ஆபத்தெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2023இல் மட்டும் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் அனுபவமுள்ள ஒரு கார் ஓட்டுநரும், மோட்டார் சைக்கிள் ஓட்டிய 13 வயதுச் சிறுவன் ஒருவனும் இறந்தார்கள். அந்த வயதில் எவ்வளவு வேகமான வண்டியைக் கொடுக்கலாம் என்ற கேள்வியை நாம் சத்தமாகவே கேட்க வேண்டும்.

ராலி பார்க்கப் போகிறேன். எங்கே நிற்பது?

வளைவின் வெளிப்பக்கம் வேண்டவே வேண்டாம், கட்டுப்பாடு போன கார் அங்கேதான் வரும். சாலை மட்டத்தைவிட உயரமான இடமாகப் பாருங்கள். மேடு தாண்டி இறங்கும் இடத்தில் நிற்காதீர்கள், சிந்த்ராவில் நடந்தது அப்படித்தான். உங்களுக்குப் பின்னால் ஓட இடம் இருக்க வேண்டும், வேலியும் பாறையும் இருக்கக் கூடாது. உட்காராதீர்கள். காருக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்காதீர்கள். ஒரு கார் போனதும் சாலையில் இறங்க வேண்டாம், அடுத்தது ஒன்றிரண்டு நிமிடத்தில் வரும். குழந்தையைக் கூட்டிப் போனால் கையை விடாதீர்கள். மார்ஷல் விசில் ஊதி நகரச் சொன்னால், ஏன் என்று கேட்காமல் உடனே நகருங்கள்.